கண்மாய் தூர்ந்தது, சொல்லும் தூர்ந்தது!

நீரும் மொழியும் ஒரு நாட்டின் இரண்டு ஊற்றுகள். ஒன்று மண்ணை ஈரமாக வைத்திருக்கிறது. மற்றொன்று மாந்தரின் நினைவை ஈரமாக வைத்திருக்கிறது. ஒன்றை மண்ணிட்டு மூடினால் மற்றொன்றும் வறளும். இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே கிடக்கும் கண்மாய்களின் கரைமீது ஒருநாள் நடந்து பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மேற்கே மலை முகில் சூடி நிற்கிறது. கிழக்கே கண்மாயின் உள்வாயில் சீமைக்கருவேலம் தலைதூக்கி நிற்கிறது. கரையில் நிற்கும் இளைஞனிடம் கலிங்கு எங்கே என்று கேட்டால், கலிங்கு என்றால் என்ன என்று அவன் திருப்பிக் கேட்கிறான்!

அண்மையில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து உழவர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். அவர்தம் மகன் நம்மிடம் தமிழ் பயில்பவன். மூன்று ஏக்கர் நிலம், பாதி மா, பாதி தென்னை, ஒரு கிணறு. சொட்டுநீர்க் கருவி அமைக்க அரசு உதவுகிறது என்று கேள்வியுற்று, அதற்குரிய தாள்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். "ஐயா, திட்டத்தின் பெயரைச் சொல் என்கிறார்கள். எனக்கு வாயில் நுழையவில்லை. நீங்கள் படித்துச் சொல்லுங்கள்" என்றார். வாங்கிப் பார்த்தோம். "பிரதான் மந்திரி கிருசி சிஞ்சாயி யோசனா" என்று எழுதியிருந்தது. இருமுறை படித்துக் காட்டினோம். அவர் சற்று நேரம் வாளாவிருந்துவிட்டு, "இதில் தண்ணீர் எங்கே ஐயா இருக்கிறது?" என்று கேட்டார்.

'சிஞ்சாயி' என்னும் இந்திச் சொல்லுக்குள் நீர்ப்பாய்ச்சல் ஒளிந்திருக்கிறது என்றோம். "எங்கள் கிணற்றில் ஒளிந்திருப்பதைப் போலத்தான்!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த துயரம் நம்மைவிட்டு இன்னும் அகலவில்லை. அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். ஆயினும் அஃது இரண்டு கேள்விகள். திட்டத்தின் பெயரில் தமிழ் எங்கே? திட்டத்தின் பயனில் தண்ணீர் எங்கே? இவ்விரண்டையும் இத்திங்கள் எண்ணிப் பார்ப்போம்.

முதலில் பெயரையும் பணத்தையும் பார்ப்போம். 2015ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடுவணரசு இத்திட்டத்தைத் தொடங்கிற்று. இதன் ஒரு கூறே துளிநீரில் மிகுவிளைச்சல் காணும் சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாய்ச்சல் உதவி. 2022-23 முதல் அக்கூறு 'இராட்டிரிய கிருசி விகாசு யோசனா' என்னும் மற்றோர் இந்திப் பெயரின்கீழ்க் கொண்டுசெல்லப்பட்டது. ஓர் இந்திப் பெயரை உழவன் நாவிற்குப் பழக்கி முடிப்பதற்குள் அடுத்த இந்திப் பெயர் வந்துவிட்டது.

இதன் கணக்கைத் தமிழுழவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். சிறுகுறு உழவர்க்குக் கருவிச் செலவில் 55 விழுக்காடும், ஏனையோர்க்கு 45 விழுக்காடும் உதவி என்பது நடுவணரசு வகுத்த அளவு. அந்த உதவியையும் நடுவணரசு முழுதாகத் தருவதில்லை. அதில் 60 பங்கு தில்லியுடையது, 40 பங்கு மாநிலத்துடையது. தமிழக அரசோ ஐந்து ஏக்கர் வரை உடைய சிறுகுறு உழவர்க்கு முழுச் செலவையும், மற்றையோர்க்கு 75 விழுக்காட்டையும் தருவதென முடிவு செய்து, குறைபடும் தொகையைத் தன் கருவூலத்திலிருந்து ஈடு செய்கிறது.

நூறு உருபாச் செலவாகும் கருவி ஒன்றை ஒரு சிற்றுழவர் பெறுகிறார் எனக் கொள்வோம். 55 உருபா திட்ட உதவி. அதில் தில்லி தருவது 33. தமிழகம் தருவது 22. எஞ்சிய 45 உருபாவையும் தமிழகமே தருகிறது. ஆகத் தில்லியின் பங்கு 33. தமிழகத்தின் பங்கு 67. அந்த 33 உருபாவிலும் தமிழர் செலுத்திய வரிப்பணம் கலந்திருக்கிறது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மூன்றில் ஒரு பங்கு தருபவர் பெயர் சூட்டுகிறார். மூன்றில் இரு பங்கு தருபவர் அந்தப் பெயரைத் தம் தாளில் அச்சிட்டுக் கொடுக்கிறார்! பிள்ளைக்குச் சோறிடுபவள் தாய்; பெயரிடுபவன் வழிப்போக்கனா?

இதிலும் ஒரு நகைப்பு உண்டு. அந்தத் தாளின் தலையில் தமிழக அரசின் முத்திரை பொறித்திருக்கிறது. முத்திரையில் நிற்பது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நாமும் மாணவர்க்கு அவ்வாறே கற்பித்து வருகிறோம். அதன் அடியில் 'வாய்மையே வெல்லும்' என்னும் தொடர் தமிழில் இருக்கிறது. திருவில்லிபுத்தூர்க் கோபுர நிழலில் வாழும் உழவர் ஒருவர், அக்கோபுரம் பொறித்த தாளில், தம் தாய்மொழியில் இல்லாத ஒரு பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாமல் தமிழாசிரியனைத் தேடி வருகிறார். முத்திரை தமிழ்; தொடர் தமிழ்; பணத்தில் பெரும்பங்கு தமிழகத்தின் பணம்; பெயர் மட்டும் இந்தி!

"பெயரில் என்ன இருக்கிறது? தண்ணீர் கிடைத்தால் போதாதா?" என்று நம்மவரிலேயே சிலர் கேட்பர். பெயரில்தான் பிடி இருக்கிறது. தன் நாவால் சொல்ல முடியாத ஒன்றை எவனும் உரிமையாகக் கேட்பதில்லை, இரந்துதான் பெறுகிறான். பெயர் விளங்காத இடத்தில் இடைத்தரகன் நுழைகிறான். படிவம் விளங்காத இடத்தில் கையூட்டு நுழைகிறது. நில உரிமைச் சான்று, அடங்கல், நிலவரைபடம், வட்டாட்சியர் தரும் சிறுகுறு உழவர் சான்று, மண்ணும் நீரும் ஆய்ந்த முடிவு என்று கேட்கப்படும் ஆவணங்கள் பல. இவற்றுள் 'அடங்கல்' என்பதைப் பாருங்கள். எந்த நிலத்தில் எந்தப் பயிர் என்பதெல்லாம் அடங்கியிருப்பதால் அடங்கல். நம் ஊர்க் கணக்கர் வழங்கிய அச்சொல்லைப் படிப்பறியாத உழவரும் பிழையின்றிச் சொல்கிறார். தமிழால் ஆட்சி நடத்த இயலும் என்பதற்கு இந்த ஒரு சொல்லே சான்று. தமிழே இம்மாநிலத்தின் ஆட்சிமொழி என 1956ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியாயிற்று. அச்சட்டத்தின் ஈரம் உழவர் கையில் இருக்கும் படிவம் வரை இன்னும் வந்து சேரவில்லை.

சொட்டுநீர்க் கருவி நம் நாட்டிற்கு வந்த வரலாற்றையும் நினைவு கூர்வோம். அதனைத் தொழிலாக வளர்த்த நாடு இசுரேல். அங்கு 1965ஆம் ஆண்டில் ஒரு கூட்டுப்பண்ணையில் தோன்றிய நிறுவனம் தனக்கு இட்டுக்கொண்ட பெயர் 'நெட்டாபிம்'. எபிரேய மொழியில் நீர்த்துளிகள் என்பது அதன் பொருள். பல நூற்றாண்டுகள் வீட்டுப் பேச்சில் வழங்காதிருந்த மொழியை மீட்டெடுத்த மக்கள், தாம் ஆக்கிய கருவிக்கு அந்த மொழியிலேயே பெயரிட்டு உலகெங்கும் விற்றனர். பேச்சு வழக்கு அறாத தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாமோ, நம் பணத்தில் பெரும்பங்கு செலவிடும் திட்டத்திற்குப் பிறர் மொழியில் பெயர் வாங்கி வருகிறோம். ஒரு காலத்தில் நாம் சொல் கொடுத்தவர்கள். காவிரியின் கல்லணையைக் கண்டு வியந்த ஆங்கிலப் பொறியாளர், 'அணைக்கட்டு' என்னும் நம் சொல்லையே தம் மொழியில் 'அனிகட்' என எழுதி வைத்துக்கொண்டனர். கொடுத்த கை இன்று ஏந்தி நிற்கிறது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பெயரைத் தமிழாக்கிவிட்டால் மட்டும் அந்த உழவரின் கிணற்றில் நீர் ஊறிவிடுமா? ஊறாது. இதை ஒளிக்காமல் சொல்வதே தமிழ்ப்பற்றுக்கு அழகு.

சொட்டுநீர்க் கருவி நல்ல கருவியே. வாய்க்காலில் கசிந்தும் வெயிலில் ஆவியாகியும் வீணாகும் நீரை அது காக்கிறது. வேருக்கு வேண்டும் அளவை வேரடியிலேயே சேர்க்கிறது. தென்னைக்கும் மாவுக்கும் கரும்புக்கும் அது பெருந்துணை. ஆனால் அக்கருவி நீரைப் பங்கிடுமேயன்றிப் படைப்பதில்லை. குழாயின் ஒரு முனை வேரில் இருக்கிறது. மறுமுனை கிணற்றில் இருக்கிறது. கிணற்றின் ஊற்று கண்மாயில் இருக்கிறது. கண்மாயின் உயிர் மலையிலிருந்து இறங்கும் வரத்துக்காலில் இருக்கிறது. அரசின் பணமோ குழாயோடு நின்றுவிடுகிறது. கறந்த பாலைச் சொட்டு சொட்டாக அளந்து குடிக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள். பசு பட்டினி கிடக்கிறது!

இது நம் ஐயப்பாடு மட்டும் அன்று. ஒன்றிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று இதனையே ஆராய்ந்தது. புதிய பாய்ச்சற் கருவிகள் வந்தவுடன் நீர் மிச்சமாகிவிடுவதில்லை; மிச்சமான நீரைக் கொண்டு உழவர் மேலும் நிலத்தைப் பயிராக்குகின்றனர் அல்லது மிகுநீர்ப் பயிருக்கு மாறுகின்றனர்; நிலத்தடியிலிருந்து எடுக்கும் அளவுக்கு வரம்பு கட்டினாலன்றி நீர்வளம் மீளாது என்பது அதன் சாரம். உழவரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. வயிற்றுப்பாட்டிற்காக உழைப்பவர் கிடைத்த நீரைப் பயன்படுத்தத்தான் செய்வார். வரவைப் பெருக்காமல் செலவை மட்டும் திருத்தும் ஆட்சியே குறைக்குரியது.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தின் இயல்பை ஆட்சியாளர் உணர்ந்தாரில்லை. விருதுநகர் மாவட்டம் மலை மறைவு நிலம். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கில்லை. மேற்குமலையில் பிறந்து கிழக்கே ஓடும் தேவியாறு, நகரியாறு, காயல்குடியாறு, அர்ச்சுனா ஆறு முதலிய சிற்றாறுகள் பல கூடி வைப்பாறாகி மன்னார் வளைகுடாவில் சேர்கின்றன. மழை பெய்த சில நாள்களில் வெள்ளம் வரும், போய்விடும். வந்த நீரை வழியிலேயே மறித்து வைத்தால் வாழ்வு, விட்டுவிட்டால் வறட்சி. இதனை அறிந்தே நம் முன்னோர் மலையடியிலிருந்து கரிசல் வரை கண்மாய்களைச் சங்கிலியாகக் கோத்தனர். மேற்கண்மாய் நிரம்பினால் அதன் கலிங்கு வழியே வழியும் நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்து. அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. ஒரு கண்ணி அறுந்தால் கீழுள்ள ஊரெல்லாம் காயும்.

பிற்காலத்தில் பிளவக்கல் பெரியாறு, கோயிலாறு, சாத்தாகோயில், வெம்பக்கோட்டை, இருக்கன்குடி முதலிய நீர்த்தேக்கங்கள் எழுந்தன. அவை வேண்டியவையே. ஆனால் பிளவக்கல் அணையின் நீரும் வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்களில் நின்றுதான் வயலுக்குப் போகிறது. அணை கட்டிய கை கண்மாயை மறந்தால், அணை மேல்மாடியாகவும் கண்மாய் இடிந்த படிக்கட்டாகவும் ஆகிவிடும்.

வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையை அடுத்த அகழாய்வு மேட்டில் 2022ஆம் ஆண்டு தமிழக அரசு அகழாய்வைத் தொடங்கிற்று. பழந்தமிழர் வாழ்ந்த அந்த ஊரின் இன்றைய பெயர் விசயகரிசல்குளம். பெயரின் இறுதியில் குளம்! ஆலங்குளம், அத்திகுளம், இடையன்குளம் என்று இவ்வட்டாரத்தில் நீரைப் பெயரில் சுமக்கும் ஊர்கள் எத்தனை! ஊருக்குப் பின் குளம் வெட்டியவர் அல்லர் நம் முன்னோர். குளத்தை வெட்டியபின் அதன் கரையில் ஊர் கண்டவர்.

அவர்கள் நீரை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதை அவர்தம் சொற்களே காட்டும். மழைநீரை ஏந்திக்கொள்வது ஏந்தல், தாங்கிக்கொள்வது தாங்கல், ஊரார் உண்ணும் நீரை உடையது ஊருணி, கண்வாய் என்பதே கண்மாய் ஆயிற்று என்பர். நீர் திறக்கும் வாய் மடை. மிகுநீர் வழியும் இடம் கலிங்கு. நீர் நிற்கும் பக்கம் உள்வாய். அலை மோதிக் கரை கரையாதிருக்கப் பதித்த கல் அலைகல். கண்மாயின் உள்ளே கற்றூண் நாட்டி அமைத்த குமிழித்தூம்பில் மேல்துளை நீரோடி, கீழ்த்துளை சேறோடி. தூம்பு திறக்கும்போதெல்லாம் நீரோடு சேறும் சேர்ந்து வயலுக்குச் செல்லும். வயலுக்கு உரம், கண்மாய்க்குத் தூர்நீக்கம். ஒரே திறப்பில் இரு வேலை! இச்சொற்களை இழந்த தலைமுறை இந்த அறிவையும் இழந்தது. சேறோடி என்னும் சொல்லை அறியாதவன் அத்துளையைக் கற்காரை பூசி அடைத்துவிடுவான். பிறகு தூர்வாரப் பணம் கேட்பான்.

ஆட்சி முறையையும் நாம் அறிந்திருந்தோம். உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளில் ஏரி வாரியம் இருந்ததையும் அதன் உறுப்பினரை ஊரவை தேர்ந்த முறையையும் கூறுகின்றன. ஏரியைப் பேண ஏரிப்பட்டி என நிலம் ஒதுக்கிய செய்தியையும் கல்வெட்டுகளில் காண்கிறோம். பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை புறநானூற்றில் இருக்கிறது: புகழ் வேண்டும் அரசன் முதலில் நீர்நிலை அமைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வைத்தது வான்சிறப்பு.

இவ்வளவும் எப்போது கெட்டது? வெள்ளையர் ஆட்சியில் நிலவரி ஊரைவிட்டுக் கருவூலத்திற்குப் போயிற்று. கண்மாயைப் பேணும் பொருள் ஊரில் இல்லாமற் போயிற்று. பொருளைப் பறித்தவர், 1858ஆம் ஆண்டு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றிக் கரையைக் காக்கும் கடமையை மட்டும் ஊரார் தலையில் கட்டினர். உரிமை பறிபோன இடத்தில் கடமை நிலைக்குமா? விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குறுநிலத்தலைவர் முறை ஒழிந்தது, அது நல்லதே. ஆனால் அவர்கள்கீழ் இருந்த கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தபோது, அவற்றை அன்றாடம் பார்த்துக்கொள்ள ஆள் வரவில்லை. நாற்பது எக்டேருக்கு மேல் பாயும் கண்மாய் ஒரு துறைக்கு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திற்கு. சங்கிலியாகக் கிடந்த கண்மாய்கள் இரு துறைகளின் கோப்புகளில் துண்டு துண்டாயின. மேற்கண்மாயின் கலிங்கு ஓர் அலுவலகத்தில். அதன் நீர் வந்து சேரும் கீழ்க்கண்மாய் வேறோர் அலுவலகத்தில்!

1990ஆம் ஆண்டு உழவர்க்கெல்லாம் விலையில்லா மின்னாற்றல் வந்தது. அது இல்லையேல் பல்லாயிரம் குடும்பங்கள் நிலத்தை விட்டே போயிருக்கும்; அதனைக் குறைகூற நமக்கு மனம் வராது. ஆயினும், பொத்தானை அழுத்தினால் நீர் வரும் என்றானபின், ஊர் கூடி வரத்துக்கால் வெட்டும் வழக்கம் அற்றுப்போயிற்று. கிணறு தனியொருவருடையது, கண்மாய் ஊருடையது. தனியுடைமைக்கு உதவி ஓடி வந்தது, பொதுவுடைமை ஏதிலியாயிற்று. நிலத்தடி நீரைக் காக்க 2003ஆம் ஆண்டு இயற்றிய சட்டமும் 2013ஆம் ஆண்டு திரும்பப் பெறப்பட்டது.

2017ஆம் ஆண்டு தமிழக அரசு 'குடிமராமத்து' என்னும் பழம்பெயரால் ஒரு திட்டம் தொடங்கிற்று. மராமத்து என்பது அரபுவழி வந்த சொல். செப்பனிடுதல் என்பது பொருள். 'குடிச்செப்பம்' என்று எழுதியிருந்தால் எவர் தடுத்திருப்பார்? அது கிடக்க. முதற்கட்டத்தில் நூறு கோடி உருபாவில் 1,519 பணிகள், 2019-20இல் 499.68 கோடி உருபாவில் 1,829 பணிகள். பயன்பெறும் உழவர் சங்கமே பத்து விழுக்காடு பங்களித்துப் பணியை மேற்கொள்ள வேண்டும் என்பது விதி. கருத்து நல்ல கருத்து. ஏறத்தாழ 40,000 ஏரி குளங்கள் உள்ள நாட்டில் இஃது ஒரு தொடக்கமே என்பதையும் ஒப்புவோம். ஆனால் தூர்வாருதல் என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை மண்வாரிப் பொறியைக் கொண்டு வந்து, படம் எடுத்துக்கொண்டு போவதன்று. தலைமுடி வெட்டுவதைப்போல் ஒருநாள் வேலையன்று அது. தாய் பிள்ளையைக் குளிப்பாட்டுவதைப்போல் நாள்தோறும் நிகழ வேண்டிய பணி. அதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் இருந்தார். நாம்தாம் அவரை இழந்தோம். நீர்க்கட்டி, மடைக்காவலர், நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை அவர் மனத்தில் வைத்திருந்தார். அடைமழை இரவில் கரையில் கசிவு கண்டால் உயிரைப் பணயம் வைத்து நீரில் மூழ்கி மடையைத் திறந்தார். அறுவடையில் களத்து நெல்லே அவர்க்குக் கூலி. அவர்களுள் பெரும்பாலோர் ஊரால் ஒதுக்கி வைக்கப்பட்ட குடியினர். தாம் காத்த நீரைத் தாமே மொள்ள உரிமையற்றிருந்தவர் எத்தனை பேர்! பழம்பெருமை பேசும் நாம் இந்தச் சிறுமையையும் பேசியாக வேண்டும். களத்து நெல் நின்றது. அவர் மக்கள் பிழைப்புத் தேடி நகரத்திற்குப் போயினர். போனதில் என்ன தவறு? பழைய இழிவோடு அவரை மீண்டும் கரையில் நிறுத்தச் சொல்லவில்லை. எக்குடியில் பிறந்தவராயினும் தகுதியுடையவரை, திங்கள் ஊதியமும் அரசுப் பணியாளர்க்குரிய மதிப்பும் தந்து, கண்மாய்க்கு ஒருவராக நிறுத்துக என்கிறோம்.

அயலாரை மட்டும் குறைகூறித் தப்பிக்கவும் நமக்கு உரிமையில்லை. கண்மாய்க்குள் வேலி போட்டவர் தில்லியிலிருந்து வந்தவர் அல்லர். வரத்துக்காலை மண்ணிட்டு மூடி மனையாக்கி விற்றவனும் தமிழன்; வாங்கியவனும் தமிழன்; கண்டும் காணாமல் கையெழுத்திட்டவனும் தமிழன். ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டு தனிச்சட்டமே இயற்றப்பட்டது. அஃதும் பொதுப்பணித்துறைவயம் இருந்த ஏரிகளைக் கருதி எழுதப்பட்டது. ஒன்றியத்தின் சிறு கண்மாய்கள் அதன் நிழலுக்கு வெளியே நின்றன.

அண்டை மாநிலத்தோடு நமக்குள்ள வழக்கும் உண்டு. பம்பை, அச்சன்கோயில் ஆறுகளின் மிகுநீரில் ஆண்டுக்கு 63.4 கோடி கனமீட்டரை வைப்பாற்றுக்குத் திருப்பினால் 91,400 எக்டேர் நிலம் பயன்பெறும் என்று நடுவணரசின் நீர்வள மேம்பாட்டு முகமை 1995ஆம் ஆண்டே ஆய்வறிக்கை தந்தது. கேரளம் மறுத்துவருகிறது. தில்லி வாய்மூடி இருக்கிறது. சிவகிரிக்கு மேலே, எல்லைக்கப்பால், செண்பகவல்லி அணைக்கட்டின் சுவர் உடைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன; அதனைச் செப்பனிடக் கேட்டுக் கேட்டு உழவர் ஒரு தலைமுறை மூத்துவிட்டது. ஒரே நாடு, ஒரே மொழி என்று பெயர் சூட்ட ஓடிவருபவர்கள், ஒரே மலையின் இருபுறத்து மக்களுக்கு நீரைப் பங்கிட மட்டும் ஓடிவரக் காணோம்! இவ்வுரிமைகளை நாம் விடப்போவதில்லை. ஆனால் பம்பை நீர் நாளையே வைப்பாற்றில் இறங்கினாலும், அதைத் தேக்கி வைக்கக் கண்மாய் வேண்டுமே? நம் மலையில் பெய்த மழையை நம் கண்மாயில் நிறுத்தத் தெரியாதவர் கேட்கும்போது, அயலான் நகைக்க இடம் கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே ஆட்சியாளர்முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று: உழவர்க்குரிய நீர்த்திட்டம் எதுவாயினும், அதன் பெயரும் படிவமும் வலைத்தளமும் ஒப்புகைச் சீட்டும் தமிழில் இருத்தல் வேண்டும். தில்லி தந்த பெயர் தில்லிக் கோப்பில் இருக்கட்டும். தமிழுழவர் கையில் தமிழே இருக்க வேண்டும்.

இரண்டு: ஒரு கண்மாயின் பாய்ச்சல் நிலத்தில் சொட்டுநீர்க் கருவிக்கு உதவி வழங்கும் ஆண்டிலேயே, அக்கண்மாயின் வரத்துக்காலும் மடையும் கலிங்கும் செப்பனிடப்பட வேண்டும். குழாய்க்கு ஒதுக்கும் பணத்தோடு கண்மாய்க்கும் ஒதுக்கீடு பிணைக்கப்பட வேண்டும்.

மூன்று: கண்மாய்ச் சங்கிலி முழுவதும் ஒரே பொறுப்பின்கீழ் வருதல் வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பு ஒன்றியக் கண்மாய்களுக்கும் நீள வேண்டும். எல்லைக்கல் நட்டு, நிலவரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

நான்கு: கண்மாய்தோறும் ஊதியம் பெறும் நீர்க்காவலர் ஒருவர் வேண்டும்.

ஐந்து: ஒவ்வொரு மடைக்கும் ஊரார் வழங்கிவந்த பெயரைக் கல்லில் பொறித்து நாட்ட வேண்டும். பெயருள்ள மடையை எவனும் எளிதில் மூடமாட்டான்.

ஆட்சியாளர் செய்யட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் மார்ச்சு 22ஆம் நாள், உலக நீர் நாளில், ஊரவை கூடுகிறது. தமிழன்பர் ஒவ்வொருவரும் அந்நாளில் தம் ஊரவைக்குச் செல்லுங்கள். உங்கள் கண்மாயின் பெயர், அதன் பரப்பு, மடைகளின் எண்ணிக்கை, வரத்துக்கால் தொடங்கும் இடம் ஆகியவற்றைத் தூய தமிழில் எழுதித் தீர்மானமாகக் கொடுங்கள். கண்மாயின் வண்டலைக் கட்டணமின்றி நிலத்திற்கு எடுத்துச்செல்ல வட்டாட்சியரே இசைவு தரும் முறை 2024ஆம் ஆண்டு வந்திருக்கிறது. அதனைத் தரகர் கைக்கு விடாமல் உழவரே பயன்கொள்ளத் துணை நில்லுங்கள். ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரை ஒருநாள் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊர்ப் பெரியவரை நிற்க வைத்து, மடை, தூம்பு, கலிங்கு, அலைகல், உள்வாய் என்று ஒவ்வொன்றையும் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அச்சொற்களை மாணவர் ஏட்டில் எழுதட்டும். தமிழ்ப்பாடம் வகுப்பறைக்குள் மட்டும் இருப்பதன்று.

நம்மைத் தேடி வந்த அந்த உழவர்க்கு நாம் செய்த உதவி மிகச் சிறிது. படிவத்தின் ஒவ்வொரு பகுதியையும் தமிழில் எழுதிக் கொடுத்தோம். தலைப்பில் 'வேளாண் நீர்ப்பாய்ச்சல் திட்டம்' என்று எழுதினோம். அவர் அதை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தார். படித்துவிட்டு, "இப்போது தண்ணீர் தெரிகிறது ஐயா!" என்றார்.

தாளில் தெரிந்த தண்ணீர் அவர் கிணற்றிலும் தெரிய வேண்டும். சொல்லைத் தூர்வாருவது நம் கடன். கண்மாயைத் தூர்வாருவது ஆட்சியின் கடன். இரண்டும் நடக்கின்றனவா என்று கரையில் நின்று காப்பது தமிழ் மக்கள் அனைவரின் கடன். ஐப்பசி மழைக்குமுன் எழுவோம். மடையும் திறக்கட்டும், தமிழும் பாயட்டும்!